எர்த் இல்லைன்னு ஒரு பொண்ணு சொன்னா காதுல விழாதா?

ஏற்காட்டுல ஒரு விழாவுக்கு வாசிக்கப் போன நாலு பொண்ணுங்ககிட்ட மறுபடியும் அதே கேள்வி. "கூட ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

அடிவாரத்துல டீ குடிக்க நிறுத்தின இடத்துல ஒருத்தர் கேட்டார். ஏற்காட்டுல ரூம் சாவி கொடுக்கிறவர் கேட்டார். நிகழ்ச்சி ஏற்பாடு பண்ணவர் கேட்டார். இதையெல்லாம் விட்டுத் தொலைக்கலாம், கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு. ஆனா மைக் செட்காரர் கேட்டாரே, அதை விட முடியாது. அந்தக் கேள்வியில ஒரு உயிர் தொங்கிட்டு இருந்துச்சு.

நாலு பொண்ணுங்க இருக்கிற ராக் பேண்டு. ஒருத்தி ரிதம் கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடுறவ, ஒருத்தி லீட் கிட்டார், ஒருத்தி பேஸ் கிட்டார், ஒருத்தி டிரம்ஸ். என்னென்ன வேணும்னு ஒரு வாரம் முன்னாடியே வாட்ஸ்அப்ல லிஸ்ட் போயாச்சு. டிரம்ஸுக்குக் கிக், ஸ்னேர், ரெண்டு டாம், மேல ரெண்டு மைக்கு, பேஸுக்கு ஒரு டி.ஐ. (மைக் இல்லாம கேபிள் வழியா நேரா சவுண்ட் மிக்ஸருக்கு அனுப்புற பெட்டி), கிட்டார் ஆம்ப்புக்கு ரெண்டு மைக்கு, குரலுக்கு மூணு. மொத்தம் 12 லைன். எது எங்கே நிக்கணும்னு படமும் போட்டு அனுப்பியாச்சு. அதை யாரும் திறந்துகூடப் பார்க்கலை. போய் இறங்கினா மேடையில மூணு மைக்கு, அதுல ஒண்ணு விழாத் தலைவருக்கு.

சரி, அதையும் சமாளிச்சாங்க. பேஸ் ஆம்ப்பை ஆன் பண்ணாங்க. ம்ம்ம்ம்ம்னு ஒரு இரைச்சல். மேடை வேலை செஞ்ச எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். கரண்டோட 50 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கர் வழியா வெளிய வருது. பேஸ் வாசிக்கிற பொண்ணு அரை நிமிஷத்துல சொல்லிட்டா: "அண்ணா, எர்த் பிரச்சினை. மிக்ஸருக்கு எங்கேயிருந்து கரண்ட் எடுத்திருக்கீங்க?"

"அதெல்லாம் கரெக்டா இருக்கு பாப்பா. உன் கிட்டார்லதான் ஏதோ கோளாறு."

அவ கிட்டாரைக் கழட்டிக் கீழ வெச்சா. கேபிளையும் உருவினா. இரைச்சல் அப்படியே இருக்கு. "கிட்டாரே இல்லைண்ணா, இப்பவும் இரையுது பாருங்க."

"அப்ப ஆம்ப் பழசு. கூட யாராவது சார் வந்திருக்காங்களா? அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

கவனிச்சீங்களா? கிட்டாரைக் கழட்டிக் காட்டியாச்சு, ஆனா அவருக்குச் சார் வேணும். அவ கோபப்படலை. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தா. மேடை பிளக்ல லைனுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், சரி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 104 வோல்ட். எர்த் ஒழுங்கா இருந்தா அங்கே ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. 104 காட்டினா எர்த் பின் சும்மா அலங்காரத்துக்கு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஒயரைப் பிடிச்சுக்கிட்டே நடந்து போய்ப் பார்த்தா, மேடை முழுக்க ஜெனரேட்டர்ல ஓடுது, ஆனா மிக்ஸர் ஹாலுக்குள்ள சுவத்து பிளக்ல, ஈ.பி. கரண்ட்ல ஓடுது. ரெண்டு கரண்ட், ரெண்டு எர்த். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது ஆடியோ கேபிளுக்குள்ள இருக்கிற மெல்லிசு ஷீல்டு கம்பி மட்டும்தான். கசியுற கரண்ட் எல்லாம் அது வழியாத்தான் ஓடுது. அதுதான் அந்த இரைச்சல்.

இதை அவ அவருக்கு விளக்கினா. தமிழ்லதான் விளக்கினா. "பதினஞ்சு வருஷமா செட் போடறேன், எனக்கே பாடமா?"ன்னு கேட்டுட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆம்ப்போட பிளக்கைத் திறந்து, எர்த்துக்குப் போற பச்சை ஒயரைக் கழட்டி விட்டுட்டார். "இப்ப பாரு, இரைச்சல் போச்சா?"

போச்சு. போகத்தான் செய்யும். நெருப்பு அலாரம் கத்துதுன்னு அதோட பேட்டரியைக் கழட்டினா நெருப்பு அணைஞ்சிடுமா? இது அதைவிட மோசம். ஒரு ஆம்ப்போட நிறுத்தலை, ரெண்டு கிட்டார் ஆம்ப்புக்கும் பச்சை ஒயரைக் கழட்டினார். எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பி, பிரிட்ஜ், ஜாக்கு, கேபிள் ஷீல்டு, ஆம்ப்போட இரும்புப் பெட்டி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது. அந்தப் பெட்டிக்கு எர்த் இல்லைன்னா கம்பிக்கும் எர்த் இல்லை. மைக்கோட வலைக்கூண்டு மிக்ஸர் பக்கத்து எர்த்ல இருக்கு. பாடுற பொண்ணோட இடது கை கம்பியில, உதடு மைக்கில. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது அவ உடம்புதான்.

இப்பவும் மீட்டரை வெச்சது பேஸ் வாசிக்கிற அதே பொண்ணுதான். ஒரு முனை மைக் கூண்டுல, இன்னொரு முனை கிட்டார் கம்பியில. 87 வோல்ட். மீட்டர் காட்டுறது சும்மா தூண்டல் வோல்டேஜா இருக்கும், ஆளை அடிக்காதுன்னு சிலர் சொல்வீங்க. இருக்கலாம். ஆனா அதை உதட்டை வெச்சா கண்டுபிடிக்கிறது? 1972 மே மாசம் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ்ல, ஸ்வான்சி நகரத்துல, ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மைக்கைத் தொட்டுக் கரண்ட் அடிச்சு இறந்துபோனார். காரணம் எர்த்தான். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பச்சை ஒயரைக் கழட்டிட்டுப் பெருமையா நிக்கிறாங்க.

இனிமேதான் வயித்தெரிச்சல். குட்டி யானை ஓட்டிட்டு வந்த டிரைவர் அண்ணன், வண்டியை எங்கே போடறதுன்னு கேட்க மேடைப் பக்கம் வந்தார். அவரைப் பார்த்ததும் மைக் செட்காரர் முகத்துல ஒரு வெளிச்சம். "அண்ணே, நீங்க கொஞ்சம் வந்து பாருங்க. இந்தப் பொண்ணு ஏதோ சொல்லுது." சொல்லிட்டு டெஸ்டரை அவர் கையில கொடுக்கிறார். பக்கத்துல அவ மல்டிமீட்டரோட நிக்கிறா. அவ கையைத் தாண்டிப் போய் டெஸ்டர் டிரைவர் கையில விழுது.

அந்த மனுஷன் நல்ல மனுஷன். டெஸ்டரைத் திருப்பிக் கொடுத்துட்டார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. அந்தப் பாப்பா எர்த் இல்லைன்னு சொல்லுதில்லைங்க, போட்டு உடுங்க."

"அண்ணனே சொல்லிட்டார், போட்டுருவோம்."

அஞ்சே நிமிஷம். பச்சை ஒயர் மூணையும் மறுபடி மாட்டியாச்சு. மேடையில இருந்து மூணு கோர் கேபிள் இழுத்து மிக்ஸரையும் ஜெனரேட்டர் கரண்டுக்கே கொண்டுவந்தாச்சு. இப்ப கம்பிக்கும் மைக்குக்கும் நடுவுல அரை வோல்ட்கூட இல்லை. முக்கால் மணி நேரமா அவ சொன்னதும் இதேதான், ஒரு எழுத்து மாறலை. தெரியாதுன்னு சொன்ன ஆம்பளையோட வாய் வழியா வந்தாத்தான் அது கரண்ட் சாஸ்திரம் ஆகுமா?

மைக் செட் போடறவங்க படிச்சா நல்லது, அதுக்காகவே எழுதறேன். இரைச்சல் வந்தா எர்த் பின்னைப் பிடுங்காதீங்க. டி.ஐ. பெட்டியில கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அது ஆடியோ கேபிளோட ஷீல்டை மட்டும் பிரிக்கும், ஆம்ப்போட எர்த்தைத் தொடாது. அதுக்குன்னே வெச்சது அது. மேடையும் மிக்ஸரும் ஒரே இடத்துல இருந்து கரண்ட் எடுக்கணும். ஈ.பி.யே ஆனாலும் வேற வேற ஃபேஸ்ல போடாதீங்க, ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல கிட்டத்தட்ட 400 வோல்ட் இருக்கு. ஜெனரேட்டர்னா நியூட்ரலை அதோட உடம்போடயும் எர்த்தோடயும் இணைச்சு, 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச்) ஒண்ணு போடுங்க. நியூட்ரலை இணைக்காம ஆர்.சி.சி.பி. போட்டா அது நேரத்துக்குத் துண்டிக்காது. ஏற்காட்டுல எர்த் ராடு அடிக்கிறதும் லேசு இல்லை. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, ஒரு அடி இறங்கினதும் டங்குனு நிக்கும். பூச்செடிப் பாத்தி, தண்ணி தேங்குற ஈர மண்ணு இருக்கிற இடமாத் தேடி அடிக்கணும். பாறையில ஒரு சாண் சொருகி வெச்சுட்டு எர்த் போட்டாச்சுன்னு சொல்லக் கூடாது.

பொண்ணுங்க ராக் வாசிக்கிறது என்னமோ நேத்து முளைச்சதுன்னு நினைப்பு. ஃபேனின்னு நாலு பொண்ணுங்க பேண்டு, அமெரிக்காவுல 1970-லயே பெரிய கம்பெனியில முழு ஆல்பம் போட்டாச்சு. கோ-கோஸ்னு இன்னொரு பொண்ணுங்க பேண்டு 1982-ல தாங்களே எழுதி தாங்களே வாசிச்ச ஆல்பத்தோட அங்கே முதலிடத்துக்கே வந்தாச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம மதுரை பொன்னுத்தாயி அம்மா நாகஸ்வரத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் வாசிக்கலையா? அவங்ககிட்டயும் கூட யார் வந்திருக்காங்கன்னு கேட்டிருப்பாங்க, சந்தேகமே இல்லை.

எர்த்துல போன முக்கால் மணி நேரம் எங்கே வெட்டு விழுந்துச்சுன்னா, சவுண்ட் செக்ல. 12 லைனுக்கு ஒழுங்கா ஒரு மணி நேரம் வேணும். கிடைச்சது பத்து நிமிஷம். அதுலயும் பாதி "வால்யூம் கம்மி பண்ணுங்கம்மா"வுலயே போச்சு. அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, மறுபடி ஒரு பொன்னாடை. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு சட்டம் இருக்கு, அது நியாயம்தான். ஆனா பொன்னாடைக்குத் தின்ன நேரத்தைப் பாட்டுல கழிக்கிறது என்ன நியாயம்? ஒன்பது பாட்டு போட்டு வெச்சிருந்தாங்க, அஞ்சோட முடிஞ்சுது.

டிரம்ஸ் பொண்ணுக்கு உட்கார என்ன கொடுத்தாங்க தெரியுமா? கை வெச்ச பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்னேரை அடிக்கக் கையை ஓங்கினா முழங்கை நாற்காலிக் கையில இடிக்கும். டிரம்ஸ் வாசிக்கும்போது தொடை லேசா முன்னால சரிஞ்சு முழங்கால் இடுப்பைவிடக் கீழ இருக்கணும், அப்பத்தான் காலுக்கு கிக் பெடல் அடங்கும். நாற்காலி தாழ்வா இருந்தா முழங்கால் மேல வந்துரும், ரெண்டு பாட்டுல கெண்டைக்கால் பிடிச்சுக்கும். தரை வேற வழவழ டைல்ஸ். ஒவ்வொரு மிதிக்கும் கிக் டிரம் முன்னால நகரும். ஆறுக்கு ஆறு ஜமக்காளம் கேட்டா, "எதுக்கும்மா, படுக்கவா?"ன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது. இப்ப சேலத்துலயே ஒரு ஜமக்காளம் வாங்கி வண்டியில சுருட்டி வெச்சாச்சு. இனி யார்கிட்டயும் கேட்கிறதா இல்லை.

மலையில கிட்டார் ஸ்ருதி மாறுறதுக்கும் பொண்ணுங்களைத்தான் சொல்றாங்க. சேலம் வெயில்ல ஸ்ருதி சேர்த்த கம்பி, 1500 மீட்டர் உசரத்துக் குளிருக்குச் சுருங்கும், இறுகும், ஸ்ருதி ஏறும். அதோட மூடுபனி ஈரத்தை மரம் குடிக்கும். மேல போனதும் பெட்டியைத் திறக்காம அரை மணி நேரம் அப்படியே வெச்சு, அப்புறம் திறந்து மேடையிலேயே ஸ்ருதி சேர்க்கணும். அதுக்கு நேரம் கேட்டா "வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"னு பேச்சு வருது. மிருதங்கத்துக்கு ரவை வெச்சுத் தட்டித் தட்டிப் பார்க்கும்போது யாராவது இப்படிக் கேட்பாங்களா?

உடை மாத்த இடம்னு காட்டினது மேடைக்குப் பின்னால, தாழ்ப்பாள் இல்லாத ஸ்டோர் ரூம். கழிவறைக்கு இருநூறு அடி இருட்டுல நடக்கணும். ஒவ்வொருத்தியா போகும்போது மத்தவங்க டார்ச் அடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. இதுக்கு மேல இதைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை, பொண்ணுங்களுக்குத் தெரியும்.

முடிஞ்சதும் உள்ளே கண்ணாடி வால்வு இருக்கிற ஆம்ப்பை உடனே தூக்கக் கூடாது, கால் மணி நேரமாவது ஆறணும், சூட்டோட குலுங்கினா வால்வு போயிடும். அதுக்கும் பொறுமை இல்லாம லைட்டை அணைச்சுட்டாங்க. செல்போன் வெளிச்சத்துல கேபிள் சுருட்டினாங்க. கீழ இறங்கும்போது சாமான் எல்லாம் கேபின் பக்கம் சரியும், ஏறும்போது பின் கதவுப் பக்கம் சரியும். அதனால கனமான ஆம்ப் கேபினை ஒட்டி, அதுக்குப் பின்னால டிரம்ஸ், மேல கிட்டார் பெட்டி, குறுக்க ரெண்டு பெல்ட்டு, மேல தார்ப்பாய். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அசையக் கூடாது. இதையும் அந்தப் பொண்ணுங்களேதான் ஏத்துறாங்க, இறக்குறாங்க. அப்ப மட்டும் ஒரு சாரும் வந்து ஒரு பெட்டியைப் பிடிக்க மாட்டார்.

சொல்ல வந்தது இது இல்லை, ஆனா சொல்லியே ஆகணும். அந்த வளைவுகள்ல காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடறீங்களே, கொஞ்சமாவது யோசிச்சுப் போடறீங்களா? நானூறு கிலோ சாமானோட ஏறிட்டு வர்ற குட்டி யானை வளைவு நடுவுல நின்னா, மறுபடி கிளம்பறதுக்குள்ள கிளட்ச் கருகிற வாசனை வந்துரும். இந்தத் தடவையும் ஏறும்போது ஒரு கார் இப்படித்தான் நடு வளைவுல நின்னுச்சு. பின்னால நாலு வண்டி ஹாரன். அந்த ஒரு நிமிஷத்துல குரங்கு தார்ப்பாயைக் கிழிச்சு டிரம்ஸ் குச்சிப் பையை இழுத்துட்டு மரத்துல ஏறிடுச்சு. மூணு ஜோடி குச்சி. இப்பவும் அந்த மரத்துலதான் இருக்கும்.