நாஞ்சில் பொருநனின் யானையும் குமரிக்கோடும்

இந்த ஆண்டு நான் வாசித்து முடித்தவை பதினேழு நூல்கள். நூறு, நூற்றைம்பது என்று பட்டியலிடும் நண்பர்களின் பதிவுகளுக்கிடையே இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜனவரியிலேயே ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். ஒரு செவ்விலக்கியம், ஒரு வரலாற்று நூல், ஓர் அறிவியல் நூல் என மூன்றையும் ஒரே காலத்தில் படிப்பது. இயன்றவரை மூன்றும் நமது குமரி மாவட்ட மண்ணைத் தொடுவதாகப் பார்த்துக்கொள்வது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வருவதால் படிக்க நேரம் கிடைத்தது.

புறநானூற்றில் 137 முதல் 140 வரையுள்ள நான்கு பாடல்கள் நாஞ்சில் பொருநனை, அதாவது நாஞ்சில் மலைத் தலைவனான நாஞ்சில் வள்ளுவனைப் பற்றியவை. கடைசிப் பாடல் ஔவையாருடையது. விறலியர் கொல்லையில் பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கச் சில அரிசி கேட்டோம், அவனோ தன் தகுதியை எண்ணிப் பார்த்து, குன்றைப் போன்றதொரு பெருங்களிற்றைத் தந்துவிட்டான் என்கிறார். அதற்கு முன்பே ‘மடவன் மன்ற’ (அவன் அறிவில்லாதவனே) என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். பள்ளியில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது படிக்கையில், உலை வைத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்களின் முன்னால் யானையோடு வந்து நிற்கும் ஔவையின் சங்கடமே முதலில் கண்ணில் படுகிறது. உரையை மூடிவைத்துவிட்டு மூலத்தை மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகே இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபட்டது.

வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை போர்க்களத்தோடு நின்றுவிடுகின்றன என்பது என் குறை. 1741 குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது நம்மூர்ச் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சியளித்துத் தளபதியாகி, 1777-இல் இறக்கும்வரை திருவிதாங்கூரிலேயே இருந்த அந்த முப்பத்தாறு ஆண்டுகளல்லவா விரிவாக எழுதப்பட வேண்டியவை? அவர் கல்லறை இருக்கும் உதயகிரிக் கோட்டையைத் தாண்டித்தான் எனது பேருந்து தினமும் செல்கிறது.

அறிவியல் நூல்களில் என்னை அசைத்தது தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் பற்றிய ஓர் அத்தியாயம். 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அந்தத் தேடல் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் அதிலிருந்து பிரித்த தோரியம் விளக்கு மேண்டிலுக்கு, அதாவது விளக்கில் ஒளிரும் வலைத்திரிக்குப் போனது. பாட்டா வீட்டுத் திருமணங்களில் நாங்கள் வாய்பிளந்து பார்த்த பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தோரியம் ஆக்சைடின் வெளிச்சம்தான். தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள்; பேரண்டத்தின் வயதோ சுமார் 1,380 கோடி. இந்த அரை ஆயுளையே ஒருவர் ‘அரைவாழ்வு’ என்றும், மற்றொருவர் ‘பாதி ஆயுள்’ என்றும் எழுதுவது வாசகனைப் படுத்தும் பாடு வேறு.

மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று மோதியது, கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தில். ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ (பஃறுளி ஆற்றோடு குமரி மலையையும் கடல் விழுங்க) என்ற சிலப்பதிகார அடிகள், காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் பாண்டியனை வாழ்த்தும்போது சொல்பவை. அங்கே எந்த அளவும் இல்லை. கடல்கொண்ட நிலம் எழுநூறு காவதம் (பழைய தொலைவு அளவு), நாற்பத்தொன்பது நாடுகள் என்ற கணக்கைப் பல நூற்றாண்டுகள் கழித்து உரையில் தந்தவர் அடியார்க்குநல்லார். குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் ‘லெமூரியா’ என்ற மூழ்கிய கண்டமோ, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் லெமூர் வகை விலங்குகளின் ஒற்றுமையை விளக்க 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலர் முன்வைத்த ஊகம். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று உறுதியானபின் அந்த ஊகத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று; மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது மனிதரே இல்லாத, ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இதைச் சொன்னபோது தமிழாசிரியரான நண்பர் ஒருவர், “அப்படியானால் இளங்கோவடிகள் பொய் சொன்னாரா?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். அவருக்கு நான் காட்டியது ஓர் அறிவியல் நூலின் மற்றொரு பக்கம். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரி முனைக்குத் தெற்கே நம் மீனவர்கள் விசைப்படகில் போய் மீன்பிடிக்கும் வாட்ஜ் பேங்க் என்னும் கடலடித் திட்டின் ஆழம் குறைந்த பகுதிகள் அன்று தரையாக இருந்திருக்கும். கண்டம் ஒன்று மூழ்கவில்லை, கரை பின்வாங்கியது. அந்த நினைவுதான் பாட்டில் தங்கியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கரையோரத்து நிலத்தையும் ஊரையும் கடல் கொள்வது இங்கே எந்தத் தலைமுறையும் கண்ட காட்சி. 2004 டிசம்பர் 26 அன்று மணக்குடியில் பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனதை நாமே பார்த்திருக்கிறோம்.

நண்பர் அந்த நூலை வாங்கிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை.