குசனாகியோட கால் ஏன் வழுக்குது?

‘கோஸ்ட் இன் தி ஷெல்: எஸ்ஏசி 2045’ன்ற ஜப்பானிய 3டி அனிமே தொடர் பத்தி பேச்செடுத்தா, வியாசர்பாடியில இருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் அனிமே பார்க்குற பசங்க சொல்ற பதில் ஒண்ணுதான்: ‘ப்ளேஸ்டேஷன் 2 கேம் மாதிரி இருக்கு தலைவா, பத்து நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டேன்.’ பத்து நிமிஷம் பார்த்தவன் சொன்ன தீர்ப்பை, பார்க்காதவன் நாலு பேர் சேர்ந்து ஊர் பூரா பரப்புறான். கோபத்துல பாதி நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ‘3டி ஆக்கிட்டாங்க, அதான் கெட்டுப்போச்சு’ன்னு முடிச்சிடறது சோம்பேறித்தனம். எது கெட்டுச்சு, எது கெடல, எது உங்க வீட்டு டிவி பண்ண வேலைன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சுருக்கமா. இயந்திர உடம்போட இருக்குற மேஜர் குசனாகி, அவங்க கூட பாட்டோ, டோகுசா, இவங்க எல்லாம் சேர்ந்த ‘செக்ஷன் 9’ன்ற சிறப்புப் பாதுகாப்புப் படை, இவங்க கதைதான் இது. எஸ்ஏசின்னா ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’. ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ முதல் சீசன் 2002ல, ரெண்டாவது 2004ல, ஆளுக்கு 26 பகுதி. 2006ல ஒரு முழுநீளப் படம். எல்லாமே கென்ஜி கமியாமா இயக்கினது. அப்புறம் 14 வருஷ இடைவெளி. 2020 ஏப்ரல் 23ல நெட்ஃபிளிக்ஸ்ல 2045 வந்துச்சு. கமியாமாவோட ஷின்ஜி அராமாகியும் சேர்ந்து இயக்கினார். 12 பகுதி, முழுக்க 3டி, உடல் அசைவுக்கு மோஷன் கேப்சர், அதாவது நிஜ நடிகரோட அசைவைப் பதிஞ்சு பொம்மைக்கு ஏத்தறது. மமோரு ஓஷியோட 1995 படம் தனி வழி. அதுக்கும் இதுக்கும் கதையில தொடர்ச்சி கிடையாது. அதைப் பார்த்துட்டு நேரா இங்க வந்து ‘ஒண்ணுமே ஒட்டலயே’ன்னு கேட்கறவங்க இன்னமும் இருக்காங்க.

இப்போ 3டி விஷயத்துக்கு வருவோம். 2002 தொடரோட தொடக்கப் பாடல் காட்சியை ஒரு தடவை போட்டுப் பாருங்க. அது முழுக்க 3டி. மேஜர் குசனாகியே அதுல 3டி பொம்மைதான், இன்னிக்குப் பார்த்தா 2045ஐ விட மொத்தமா அரதப்பழசு. தொடருக்குள்ள வர்ற டாச்சிகோமா, அந்த நீல நிறச் சிலந்தி டாங்கி, அதுவும் பெரும்பாலும் 3டியில செஞ்சதுதான். அப்போ யாரும் வாயைத் திறக்கல. ஏன்? டாச்சிகோமாவுக்குத் தோல் கிடையாது, முடி கிடையாது, உதடு கிடையாது. உலோகக் கூடு, சக்கரம், மூட்டு. கம்ப்யூட்டருக்குக் கை வந்த கலை அது. 2045லயும் டாச்சிகோமாவைக் குறை சொல்ற ஆளைப் பார்க்கறது கஷ்டம். அதனால மனுஷ உருவத்துல என்ன தப்பா நடந்துச்சுன்னு கேட்கறதுதான் சரியான கேள்வி.

முதல்ல கனம். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க பாக்ஸிங்கை விட நல்ல உதாரணம் கிடையாது. ரிங்குல குத்து எங்க இருந்து கிளம்புது? குதிகால்ல இருந்து. கால் திரும்பி, இடுப்பு திரும்பி, கடைசியிலதான் கை. தோளைப் பின்னாடி இழுத்துக் குத்துனா வாத்தியார் தலையில தட்டுவார், ஏன்னா எதிராளிக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடும். தேர்ந்த பாக்ஸர் தன்னோட குத்தை ஒளிச்சுதான் வைப்பான்.

கையால வரையறவர் செய்யறது இதுக்கு நேர் எதிர். அவர் குத்தைக் காட்டிக்கொடுக்கணும். உதாரணத்துக்கு, கையைப் பின்னாடி இழுத்த நிலையில 6 ஃபிரேம் நிறுத்துவார் (நொடிக்கு 24 படம் ஓடும், ஒரு படம்னா ஒரு ஃபிரேம்). அடுத்த 1 ஃபிரேம்ல கை கோடு மாதிரி இழுபட்டுப் பறக்கும். பட்ட இடத்துல 4 ஃபிரேம் அப்படியே உறையும். நிஜத்துல எவனும் அப்படிக் குத்த மாட்டான். ஆனா ‘யம்மா, செம அடி’ன்னு கண்ணு நம்பும். மோஷன் கேப்சர்ல என்ன ஆகுது? நல்ல சண்டைக் கலைஞர் நிஜமாவே நல்லா குத்துவார், அதாவது ஒளிச்சுக் குத்துவார். அதை அப்படியே 24 ஃபிரேம்லயும் பதிஞ்சு கொடுத்தா கை போய் வந்த மாதிரி இருக்கும், அடி விழுந்த மாதிரி இருக்காது. அசைவைப் பதிஞ்ச பிறகு ஓர் அனிமேட்டர் உட்கார்ந்து நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தி, தூக்க வேண்டிய இடத்துல தூக்கி சரிசெய்யணும். ஒரு சீசனுக்கு அந்த வேலை மலை மாதிரி இருக்கும். 2045ல நல்லா இருக்குற சண்டைக் காட்சிக்கும் சொதப்பின காட்சிக்கும் நடுவுல தெரியற வித்தியாசம் பெரும்பாலும் இந்த வேலையோட அளவுதான்.

அடுத்தது கால். நடிகரோட கால் நீளம் வேற, மேஜர் பொம்மையோட கால் நீளம் வேற. ஓர் உடம்புல பதிஞ்ச அசைவை இன்னோர் உடம்புல ஏத்தும்போது பாதம் தரையில நிக்க வேண்டிய நேரத்துல ரெண்டு, மூணு சென்டிமீட்டர் நகரும். அதைப் பாதம் பாதமா பூட்டி சரிபண்ணணும். பண்ணலன்னா கேரம் போர்டுல பவுடர் அள்ளிக் கொட்டின மாதிரி ஆள் வழுக்கிக்கிட்டே நடப்பான். அதோட, மேஜரும் பாட்டோவும் இயந்திர உடல்காரங்க, சாதாரண மனுஷனை விடக் கனம் அதிகம். கேப்சர் உடுப்பு போட்டு ஸ்டூடியோவுல குதிக்கிறவரோ சாதாரண எடை. அவர் முழங்காலை மடக்கி லேசா இறங்குற அசைவை மேஜருக்கு ஏத்துனா, இரும்பு உடம்பு பஞ்சு மாதிரி இறங்கும். கேரம் ஆடுறவனுக்கு இது நல்லாவே தெரியும். ஸ்ட்ரைக்கர் காயை அடிச்ச அடுத்த நொடி காய் எவ்வளவு தூரம் போகும்னு அவன் கண்ணு முன்னாடியே கணக்குப் போட்டிருக்கும். கணக்கு தப்பினா ஏதோ தில்லுமுல்லுன்னு உடனே தோணும். 2045 பார்க்கும்போது வர்ற ‘ஏதோ சரியில்ல’ன்ற உணர்வு அதேதான்.

முகத்தைப் பத்தி நிறைய பேர் பேசியாச்சு. இல்யா குவ்ஷினோவ் வரைஞ்ச வடிவமைப்பு காகிதத்துல அவ்வளவு அழகு. ஆனா அவரோட ஓவியத்துல அழகே தட்டையான நிறமும் கோணமும்தான். அதைச் சுத்திச் சுத்திப் பார்க்குற சிலையா மாத்தினா பாதி காணாமப் போயிடும். மேஜர் வயசு குறைஞ்சு தெரியறாங்கன்ற புகாரை நானும் ஒத்துக்கறேன். முடி ஒரே கொத்தா அசையறதும் கண்ணை உறுத்தும். இதுல வாதாட ஒண்ணுமில்ல.

ஆனா டிவி விஷயத்துல வாதாடுவேன். புது டிவி வாங்கினவங்க நிறைய பேர் தொடாத ஒரு செட்டிங் இருக்கு. சாம்சங்ல ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ இல்ல ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில ‘ட்ரூமோஷன்’, சோனியில ‘மோஷன்ஃப்ளோ’, வேற சில கம்பெனியில ‘எம்இஎம்சி’. நொடிக்கு 24 ஃபிரேம்ல வர்ற படத்தை 60 ஆக்க, நடுவுல இல்லாத 36 ஃபிரேமை டிவி தானே கற்பனை பண்ணிச் செருகும். 2045க்கு இது விஷம். ஏற்கனவே வழவழன்னு இருக்குற மோஷன் கேப்சர் இன்னும் வழவழன்னு ஆகி, நிஜமாவே கேம்ல இடைக்காட்சி பார்க்குற மாதிரி ஆயிடும். பழைய தொடருக்கு இது வேற விதமா வேட்டு வைக்கும். டிவி அனிமேல ஓர் ஓவியம் பெரும்பாலும் 3 ஃபிரேம் நிக்கும், நொடிக்கு 8 ஓவியம்தான். பின்னணி மட்டும் வழுக்கிக்கிட்டு ஓட, ஆள் விட்டு விட்டு வெட்டுவான். செட்டிங்ஸ், பிக்சர், அதுக்குள்ள அட்வான்ஸ்டு இல்ல எக்ஸ்பர்ட், அங்க போய் அணைச்சிடுங்க. ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தா அதைப் போட்டாலே போதும். முதல் பகுதியில கார் துரத்துற காட்சியை அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பாருங்க. ‘பிஎஸ்2’ன்னு சொன்ன வாய் கொஞ்சம் யோசிக்கும்.

போன்ல பார்க்குறவங்களுக்குப் பிரச்சினை வேற. நெட்ஃபிளிக்ஸோட 149 ரூபாய் மொபைல் திட்டத்துல படம் 480பி தான். கையால வரைஞ்ச படத்துல கோடு இருக்குறதால 480பியிலயும் முகம் நிக்கும். 2045ல முகத்துக்குக் கறுப்புக் கோடு கிடையாது, நிழலை வெச்சுதான் மூக்கும் தாடையும் தெரியும். அந்த மெல்லிசான நிழலைத்தான் குறைஞ்ச தரம் முதல்ல தின்னுது. மிச்சம் இருக்கறது மாவுப் பொம்மை. இருட்டுக் காட்சியில கட்டம் கட்டமா உடையறதும் இதனாலதான். டேட்டா சேவர் போட்டு மின்சார ரயில்ல பார்த்துட்டு ‘கிராஃபிக்ஸ் கேவலம்’னு எழுதறது, மூக்கடைப்போட சாப்பிட்டுட்டு மீன் குழம்பு சப்புன்னு இருக்குன்ற கதை.

இடையில ஒண்ணு. மோஷன் கேப்சர்னா என்னன்னு தமிழ் ரசிகனுக்கு யாரும் புதுசா பாடம் எடுக்க வேணாம். 2014ல ‘கோச்சடையான்’ வந்தப்போ இதே சண்டையை நாம போட்டு முடிச்சாச்சு. தலைவர் நடை இருக்கு, கண்ணு இல்ல, அவ்வளவுதான் அன்னிக்கும் மேட்டர். குரல் வந்ததும் தியேட்டர்ல விசில் பறந்துச்சே, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஏன்னா 2045ல யாரும் பேசாத பெரிய பலம் குரல்தான். மேஜருக்கு அட்சுகோ டனாகா, பாட்டோவுக்கு அகியோ ஓட்சுகா, டோகுசாவுக்குக் கோயிச்சி யமாதெரா. மூணு பேரும் 1995 படத்துல இருந்தே இந்தப் பாத்திரங்களுக்குப் பேசினவங்க. 25 வருஷம் கழிச்சு அதே மூணு குரலும் ஒரே காட்சியில சேருது. தெலுங்குல ரஜினி படம் மனோ குரல் இல்லாம வந்தா அங்க இருக்குறவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அப்போ புரியும். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் கேளுங்க, பழைய செக்ஷன் 9 அப்படியே எந்திரிச்சு வரும். டனாகா 2024 ஆகஸ்ட்ல காலமாயிட்டாங்க. இந்த வரிசையில மேஜரா அவங்க பேசின கடைசித் தொடர் இது. பத்து நிமிஷத்துல ஆஃப் பண்ணவங்க இதுக்காகவாவது ஜப்பானிய ஆடியோவுல திரும்பிப் போகலாம்.

இசையில அப்படி இல்ல. பழசுக்கு யோகோ கன்னோ. அந்தத் தொடக்கப் பாட்டைப் பாடின ஒரிகா 2015லயே போயிட்டாங்க. புதுசுக்கு நோபுகோ டோடாவும் கஸுமா ஜின்னோஉச்சியும். வேலையைக் குறை சொல்ல முடியாது, ஆனா கன்னோ இசை காட்சிக்கு எதிர்த் திசையில ஓடும், அதுதான் அதோட கிக். இது காட்சியோடவே ஓடுது.

கதைக்கு வர்றேன், உண்மையான இழப்பு இங்கதான். 2002 சீசன்ல இருந்த 26 பகுதியில 14 தனிக்கதை. மீதி 12தான் ‘சிரிக்கும் மனிதன்’ன்ற ஹேக்கரோட வழக்கு. அந்த 14ல தான் ஊர் தெரியும், போர் விட்டுப்போன காயம் தெரியும். 2045ல சீசனுக்கு 12 பகுதிதான். அதுலயும் முதல் அரை டஜன் அமெரிக்கப் பாலைவனத்துல கூலிப்படையா சுத்தறதுலயே போயிடுது. ஊரே இல்லாத இடத்துல செக்ஷன் 9ஐ வெச்சா அது வெறும் துப்பாக்கிக் கதை. ஜப்பான் திரும்பின உடனே 7ஆவது பகுதி, வயசானவங்க வங்கியைக் கொள்ளையடிக்க வர்ற இடத்துல பாட்டோ மாட்டிக்கிற கதை. பழைய தொடரோட வாசனை அப்படியே வரும். அதே 3டி, அதே பொம்மை, யாருக்கும் முகம் உறுத்தறதில்ல. கதை பிடிச்சா கண்ணு மன்னிச்சிடும்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இடைவெளியும் கெடுத்துச்சு. 2020 ஏப்ரல்ல ஊரடங்கு, ராயபுரம் மண்டலத்துல தெருத்தெருவா தகரம் அடிச்சு அடைச்ச நேரம், எல்லாரும் வீட்டுக்குள்ள உட்கார்ந்து பார்த்தாங்க. டோகுசா காணாமப் போற இடத்துல சீசன் முடிஞ்சது. அடுத்தது வந்தது 2022 மே 23, சரியா 25 மாசம் கழிச்சு. அதுக்குள்ள யாரு போஸ்ட் ஹியூமன் (மனுஷ அறிவைத் தாண்டி மாறிப்போனவங்க), யாரு எந்தப் பக்கம்னு பாதிப் பேருக்கு மறந்து போச்சு. ரெண்டாவது சீசன் புரியலன்னு சொல்றவங்க பலரும் முதல் சீசனோட கடைசி 3 பகுதியைத் திரும்பப் பார்க்காம நேரா உள்ள போனவங்க. செக்ஷன் 9ல புதுசா சேர்ற பூரின் பாத்திரத்தைப் பத்தி ‘சின்னப் புள்ளத்தனம்’னு வந்த திட்டும் ரெண்டாவது சீசன் பார்த்தவங்ககிட்ட அடங்கிடுச்சு. காரணம் சொன்னா கதை உடைஞ்சிடும்.

ரெண்டாவது சீசன் முடிவுல வர்ற ஒரு கேபிளை மேஜர் பிடுங்கினாங்களா இல்லையான்னு இன்னமும் சண்டை ஓடுது. பிடுங்கலன்ற கட்சி நான். ஆனா தொடர் வேணும்னேதான் ரெண்டு கதவையும் திறந்து வெச்சிருக்கு.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழி. ரெண்டு பழைய சீசன், ரெண்டு புது சீசன், மொத்தம் 76 பகுதி, கிட்டத்தட்ட 30 மணி நேரம், படம் தனி. அவ்வளவு நேரம் இல்லன்னா 2002 சீசன்ல 1, 4, 5, 6, 9, 11, அப்புறம் 20ல இருந்து 26 வரைக்கும். நடுவுல 12ஐயும் 15ஐயும் விட்டுடாதீங்க, ரெண்டும் டாச்சிகோமா கதை. அதைப் பார்க்காம 25, 26 பார்த்தா அழுகை வராது. 15 பகுதி, ஆறு மணி நேரம், ஒரு ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியும். அப்புறம் 2045 முதல் பகுதியைப் போடுங்க, மோஷன் செட்டிங்கை அணைச்சுட்டு. பாலைவனம் தாங்கலன்னா 7 வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோங்க. அங்கயும் பிடிக்கலன்னா தாராளமா ஆஃப் பண்ணிட்டு வந்து திட்டுங்க, கமெண்ட்ல இருக்கேன்.