போதை எல்லோருக்கும் ஒரே போதை அல்ல

குடியை விட முடியாமல் தவிக்கும் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. “ஒரே வயிற்றில் பிறந்த தம்பி ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை, இவனுக்கு மட்டும் என்ன வந்தது?” போதை எல்லோருக்கும் ஒரே அளவு இன்பத்தைத் தருகிறது, அதை வேண்டாம் என்று தள்ளும் மன உறுதியில் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கேள்வி பிறக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதும், அதன் பெயரால் நோயாளிகள் அனாவசியமாக அவமானப்படுத்தப்படுகிறார்கள் என்பதும் என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் நோரா வோல்கோவ் குழுவினர் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போதைப் பழக்கம் ஏதும் இல்லாத, ஆரோக்கியமான 23 ஆண்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை ஊசி வழியாக இரத்தத்தில் செலுத்தினார்கள். கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் மாத்திரையாகத் தருவதும் இதே மருந்துதான். ஆனால் இரத்தத்தில் நேரடியாகச் செலுத்தும்போது, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான டோபமினை, அதை வெளியிட்ட நரம்புச் செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவிடாமல் தடுத்து, கோகெய்னைப் போலவே மூளையில் டோபமினின் அளவைச் சட்டென்று உயர்த்திவிடுகிறது. மருந்து உடல் எடைக்கேற்ற ஒரே அளவில்தான் தரப்பட்டது. ஆனால் சிலர் அது இன்பமாக இருந்தது என்றார்கள். வேறு சிலருக்கோ அது பிடிக்கவே இல்லை. மூளைக்குள் நடப்பதைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேனில் டோபமினின் டி2 ஏற்பிகளை, அதாவது டோபமினைப் பற்றிக்கொள்ளும் செல் பகுதிகளில் ஒரு வகையை, அளந்து பார்த்தபோது, இன்பம் என்று சொன்னவர்களுக்கு அந்த ஏற்பிகள் குறைவாகவும், பிடிக்கவில்லை என்றவர்களுக்கு அதிகமாகவும் இருந்தன.

ஏற்பிகள் நிறைய இருக்கும் மூளைக்குத் திடீர் டோபமின் பெருக்கம் தாங்க முடியாத அளவாகிவிடுகிறது, ஏற்பிகள் குறைந்த மூளைக்கோ அது இதமாக இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும், முதல் ஊசியிலேயே ஒருவர் முகம் சுளித்து விலகுவதும் இன்னொருவர் சொக்கிப்போவதும் அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

குடிக்காத தம்பியைப் போன்றவர்களைப் பற்றியும் இதே குழு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குடிநோய் பரவலாக உள்ள குடும்பங்களில் பிறந்தும் தாங்கள் அதற்கு ஆட்படாதவர்களைப் பரிசோதித்தபோது, அத்தகைய குடும்ப வரலாறே இல்லாதவர்களைவிட அவர்களிடம் டி2 ஏற்பிகள் அதிகமாக இருந்தன. தம்பியின் மன உறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அண்ணனுக்குக் கிடைக்காத ஒரு காப்பு அவருக்கு உடலிலேயே வாய்த்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் பலர் மறுகோடிக்குப் போய், “அப்படியானால் எல்லாம் மரபணுவின் தலையெழுத்து” என்று முடித்துவிடுகிறார்கள். அதையும் என்னால் ஏற்க முடியாது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், குடிநோய்க்கு ஆளாவதில் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை மரபுக்கு உரியதாகக் காட்டுகின்றன. மீதிப் பாதி அதற்கு வெளியே இருக்கிறது. 1990இல் கென்னத் பிளம், எர்னஸ்ட் நோபிள் ஆகியோரின் குழு டி2 ஏற்பி மரபணுவின் ஒரு வடிவத்தைக் குடிநோயோடு தொடர்புபடுத்தியபோது, குடிக்கான மரபணுவே கிடைத்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. ஆனால் வேறு பல குழுக்களின் ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. அந்த மாற்றம் உண்மையில் பக்கத்து மரபணுவுக்குள் இருக்கிறது என்பதும் பின்னாளில் தெரியவந்தது. ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை அலசி 2019இல் வெளியான ஆய்வு, புகைப்பதோடும் குடிப்பதோடும் தொடர்புடைய 400க்கும் மேற்பட்ட இடங்களை மரபணுத் தொகுப்பில் அடையாளம் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றின் தனித்த பங்கு மிகமிகச் சிறியது. கிழக்காசிய மக்கள் பலரிடம் காணப்படும், குடித்தவுடன் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கச் செய்யும் மரபணு மாற்றம் போன்ற வலுவான விதிவிலக்குகள் சிலவே. உமிழ்நீரை அனுப்பினால் நீங்கள் அடிமையாவீர்களா என்று சொல்கிறோம் எனப் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நாடர் குழுவினர் குரங்குகளை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு. தனித்தனிக் கூண்டுகளில் இருந்த 20 மக்காக் குரங்குகளை நான்கு நான்காகச் சேர்த்து வாழவிட்டபோது, ஒவ்வொரு குழுவிலும் சில ஆதிக்கம் பெற்றன, சில அடங்கிப்போயின. தனியாக இருந்தபோது அவற்றின் டி2 அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகு ஆதிக்கம் பெற்றவற்றுக்கு அளவு கூடியது, அடங்கியவற்றுக்குக் கூடவில்லை. நெம்புகோலை அழுத்திக் கோகெய்னை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுத்தபோது, அடங்கிய குரங்குகள் அதை நாடின. ஆதிக்கம் பெற்றவற்றை அது பெரிதாக ஈர்க்கவில்லை. அதாவது, வாழும் நிலை மாறியபோது மூளையும் மாறியது, போதையின் ருசியும் மாறியது. குரங்கிலிருந்து மனிதனுக்கு நேர்கோடு போட்டுவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒரு மனிதரை நாள்தோறும் சிறுமைப்படுத்திக்கொண்டே அவர் திருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கும் நம் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இந்த ஒரு ஆய்வே போதிய காரணம் என்று நினைக்கிறேன்.

போதைக்கு ஆட்படுவதை நோயாகப் பார்க்க வேண்டும் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே சிகிச்சை போதைக்கு ஆட்பட்டவர்களுடைய உரிமை. கட்டிவைத்து அடிப்பதற்கு அதில் இடமே இல்லை. உங்கள் வீட்டில் ஒருவரை மீட்பு மையத்தில் சேர்க்க நேர்ந்தால், அங்கே மனநல மருத்துவர் வருகிறாரா, அந்த மையம் முறையாகப் பதிவு பெற்றதா, குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் பரிசீலிக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முதல் சில நாட்களை மருத்துவக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் கழிக்க விடாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446ஐ அழைத்துக் கேட்கலாம்.