கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்துப்பு வேண்டாமே

"தைராய்டு பிரச்சினைக்குக் காரணமே அயோடின் உப்புதான், இந்துப்புக்கு மாறுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்றுகிறது. சொந்தத்தில் ஒரு பெண், கர்ப்பமாக இருப்பவள், அதை நம்பி உப்பை மாற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தைராய்டு சுரக்கும் ஹார்மோனுக்கு மூலப்பொருளே அயோடின்தான். டி4, டி3 என்ற இரண்டும்தான் அந்த ஹார்மோன்கள்: டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள், டி3-இல் மூன்று. உடம்பு இதைத் தானாக உண்டாக்காது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் சொந்தமாக ஹார்மோன் கிடையாது. அம்மாவிடமிருந்து வருவதை வைத்துத்தான் மூளை வளர்கிறது. அப்போது அம்மாவுக்குக் கடுமையான அயோடின் குறை வந்தால், பிறந்தபின் என்ன மருந்து கொடுத்தாலும் முழுசாகச் சரியாகாது.

"நமக்குத்தான் கடல் இருக்கே, தூத்துக்குடி கல் உப்பில் இல்லாத அயோடினா?" என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு, 60 மைக்ரோகிராம் அயோடின். அத்தனையும் உப்பிலேயே தங்கினாலும், நாம் சாப்பிடும் 5 கிராமில் 10 மைக்ரோகிராம்கூடத் தேறாது. இந்துப்பும் அதே கதைதான்.

அயோடின் உப்பு வேண்டும் என்பதை யாரோ கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியின் குழு இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும், மற்ற பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் கொடுத்துப் பார்த்தது. சில வருடங்களில் அயோடின் உப்பு போன ஊர்களில் முன்கழுத்துக் கழலை (அயோடின் குறைந்தால் தைராய்டு வீங்குவது) நன்றாகக் குறைந்தது. சாதா உப்பு போன இடத்தில் அப்படிக் குறையவில்லை. 1962-இல் வந்த தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த அனுபவத்தில் பிறந்ததுதான்.

சரி, அயோடின் உப்பு சாப்பிட்டும் ஏன் இத்தனை பேருக்குத் தைராய்டு? இன்று நாம் அதிகம் பார்ப்பது ஹாஷிமோட்டோ. நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய் அது. அயோடின் மிக அதிகமானால் அந்தத் தாக்குதல் கூடலாம் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பயம் கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று தானாக வாங்கி விழுங்குவதில்தான் இருக்க வேண்டும். ரசத்தில் போடும் உப்பில் அல்ல.

எனக்கு ஆதங்கம் இதுதான். 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு தமிழ்நாட்டில் 61.9 சதவீத வீடுகளில்தான் இருந்தது. நாட்டிலேயே கடைசி. உப்பு விளைகிற மாநிலம் நாம்!

கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கடையில் கிடைக்கிறது, பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். மூடி போட்டு, அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். அப்புறம், தைராய்டு மாத்திரை போடுகிற பெண்கள் கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.