வேதாகமம் ஒன்று, ஓட்டு இரண்டு

அமெரிக்கத் தேர்தல் வந்தாலே நம் ஆட்களிடம் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: மூன்று கல்யாணம் செய்த ட்ரம்ப்புக்கு, வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்? 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் வெள்ளையின சுவிசேஷ (எவாஞ்சலிக்கல்) சபையாரில் ஏறக்குறைய பத்துக்கு எட்டுப் பேர் குடியரசுக் கட்சியின் வேட்பாளரான அவருக்குத்தான் போட்டார்கள். "விவரம் தெரியாத ஜனங்கள், ஏமாந்துவிட்டார்கள்" என்கிறது ஒரு தரப்பு. "உண்மையான விசுவாசி அப்படித்தான் போடுவான்" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் அதே வேதாகமம், அதே முழுக்கு ஞானஸ்நானம், பாவம், மனந்திரும்புதல், நரகம் என்று அதே பிரசங்கம். ஓரினத் திருமணத்தை ஏற்காதவர்கள் அங்கேயும் ஏராளம். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். ஓட்டைத் தீர்மானிப்பது உபதேசம் மட்டும்தான் என்றால் இது நடந்திருக்கவே கூடாது. கறுப்பினத்தவரை ஓட்டுச்சாவடிக்குள் விடாமல் விரட்டியது மாநில அதிகாரம். உள்ளே அழைத்துப் போனது 1965-ன் வாக்குரிமைச் சட்டம், அதாவது மத்திய அரசு. தெற்கத்தி வெள்ளையர்களுக்கோ அதே மத்திய அரசு தங்கள் பள்ளிக்கூடத்துக்குள் கை வைத்த அரசு.

இந்தப் பள்ளிக்கூட விஷயத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேர் அங்கேதான் இருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் தெற்கில் வெள்ளையர்களுக்கென்று தனியார் பள்ளிகள் முளைத்தன. பல பள்ளிகள் சபைக் கட்டடங்களிலேயே நடந்தன. அவற்றுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிவிலக்கும் இருந்தது. மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இனம் பார்த்துச் சேர்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1971-ல் தீர்ப்பானது. தெற்கு கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-ல் விலக்கை இழந்தது.

1978-ல் வரித்துறை ஒரு கணக்கோடு வந்தது. பிரிவினை ஒழிப்பு நடந்த காலத்தில் தொடங்கிய அல்லது பெரிதான தனியார் பள்ளி என்றால், ஊரில் சிறுபான்மைப் பிள்ளைகள் எத்தனை சதவீதமோ அதில் ஐந்தில் ஒரு பங்காவது பள்ளியில் இருக்க வேண்டும். ஊரில் 50 சதவீதம் என்றால் பள்ளியில் 10 சதவீதம். இல்லையென்றால் பாகுபாடு பார்க்கவில்லை என்று பள்ளிதான் நிரூபிக்க வேண்டும். பிசகு இங்கேதான் நேர்ந்தது. எல்லாக் கிறிஸ்தவப் பள்ளிகளும் நிறவெறியில் பிறந்தவை அல்ல. 1962, 1963 தீர்ப்புகள் அரசுப் பள்ளியில் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் நிறுத்தியதால் பிள்ளைகளை அங்கே மாற்றிய பெற்றோரும் இருந்தார்கள். இரு சாராரும் ஒரே வலையில் சிக்க, இரு சாராரும் ஒன்றாகக் கொதித்தார்கள். எதிர்ப்புக் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. நாடாளுமன்றம் அந்த விதியைத் தடுத்துவிட்டது. வலதுசாரி அரசியல் செயற்பாட்டாளர் பால் வேய்ரிக், சபையாரை அரசியலுக்கு இழுத்தது இந்தச் சண்டைதான் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லோடு சேர்ந்து சபையாரை ஓட்டுக்குத் திரட்டும் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பை அவர் உருவாக்கியது 1979-ல்.

அப்போது, எல்லோரும் காரணமாகச் சொல்லும் கருக்கலைப்பு? 1971-ல் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் மாநாடே, பலாத்காரம், தாயின் உடல் மன நலம் போன்ற காரணங்களுக்காக அதை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது கத்தோலிக்கரின் கவலை என்றுதான் பல பாப்டிஸ்டுகள் நினைத்தார்கள். 1980-ல் மாநாட்டின் தீர்மானம் நேர் எதிராகத் திரும்பியது.

இதை வைத்து "எல்லாம் வெறும் வேஷம்" என்பவர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. 1990-ல் பிறந்து, வயிற்றிலிருக்கும் சிசு கடவுளின் சாயல் என்று சண்டே ஸ்கூலிலேயே கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது மனசாட்சியின் கேள்வி. வரிவிலக்குச் சண்டை அவளுக்குத் தெரியவே தெரியாது.

அந்த நம்பிக்கையை ஓட்டாக மாற்றிய கருவி ஒரு ஒற்றைத் தாள். டிவி போதகர் பாட் ராபர்ட்சன் 1989-ல் தொடங்கிய 'கிறிஸ்டியன் கோயலிஷன்' அதைக் கோடிக்கணக்கில் அச்சடித்தது. இடப்பக்கம் ஒரு வேட்பாளர், வலப்பக்கம் இன்னொருவர். நடுவில் கருக்கலைப்பு, பள்ளி ஜெபம், வரி உயர்வு என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேரே 'ஆதரவு' அல்லது 'எதிர்ப்பு'. தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது தாள் கையில் இருக்கும், அல்லது கார் வைப்பருக்கு அடியில் செருகியிருக்கும். யாருக்கு ஓட்டு என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. 1954-லிருந்து வரிவிலக்குப் பெற்ற சபை எதுவும் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது சட்டம். பல விஷயங்களை நடுநிலையாகத் தொகுத்தால் தப்பில்லை. ஒரு சிலதை மட்டும் பொறுக்கிப் போட்டால் தப்பு. எல்லா வித்தையும் அந்தப் பொறுக்குதலில்தான். கூலி, மருத்துவக் காப்பீடு, துப்பாக்கிச் சாவு என்று வரிசையை மாற்றிப் போட்டால் அதே வேதாகமத்திலிருந்து வேறொரு ஓட்டு வரும். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

தாளை விட்டுவிட்டு நேரடியாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் பக்கத்துச் சபை ஒன்று. 1992-ல் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கிளின்டனுக்கு எதிராகப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அதற்கு நன்கொடையும் கேட்டது. 1995-ல் வரிவிலக்கு போனது. 2000-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

இனி "ஏமாந்தவர்கள்" என்ற வாதம். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்து உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானது. அதிபரானால் இப்படிப்பட்டவர்களைத்தான் அங்கே நியமிப்பேன் என்று மே மாதம் ட்ரம்ப் 11 நீதிபதிகளின் பெயரை அச்சிட்டே கொடுத்தார். சபையார் போட்டது அந்தப் பட்டியலுக்கான ஓட்டு. கோர்சச், கவனா, பாரெட் என மூன்று பேர் நியமனமானார்கள். 2022 ஜூன் 24-ல் கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973-ன் தீர்ப்பு ரத்தானது. கேட்டது கைக்கு வந்தவர்களை ஏமாந்தவர்கள் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் கான்சாஸ் மாநில மக்கள், தங்கள் அரசியல் சட்டத்திலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59 சதவீத ஓட்டில் தோற்கடித்தார்கள். குடியரசுக் கட்சி பயந்தது. 2024 தேர்தல் அறிக்கையில் நாடு தழுவிய கட்டுப்பாடு என்ற கோரிக்கையை எடுத்துவிட்டு, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நாற்பது வருடமாக இதுதான் எங்கள் முதல் காரணம் என்று சொல்லிவந்த சபைகளிலிருந்து அந்த நவம்பரிலும் அதே எட்டுப் பேர் அதே கட்டத்தில்தான் குத்தினார்கள்.