பெரியப்பாவுக்கும் அதே கூலியா?

அடக்க ஆராதனையில் போதகர், "நம் சகோதரர் இப்போது கர்த்தரோடு இருக்கிறார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. துக்க வீட்டில் வரக்கூடாத கோபம் வந்தது.

பெரியப்பா முப்பது வருடம் குடித்தவர். குடியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியம்மாவின் இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. கதவிடுக்கில் சிக்கிக்கொண்டது என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்தியது யார் என்று கேட்கிற வயது வந்தபோது நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கடைசி ஆறு வாரம் அவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அதில் ஒருநாள் சாயங்காலம் அழுதார். பாவங்களை அறிக்கையிட்டார். ஜெபிக்கச் சொன்னார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். உண்மையாகத்தான் அழுதார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் சபையிலேயே வளர்ந்தவன். ஞாயிறு பள்ளியில் எபேசியர் 2:8ஐ மூச்சுவிடாமல் சொல்லிப் பரிசு வாங்கியவன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." இதை ஒப்பித்ததற்கு ஒரு பரிசு! அதில் இருக்கிற வேடிக்கை எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

கல்லூரி நாட்களில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். காலை ஜெபம் எத்தனை நிமிடம், வாசித்த அதிகாரம் எது, உபவாசம் இருந்த நாள் எது என்று எல்லாம் அதில் இருக்கும். தவறவிட்ட நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சிவப்புக் கோடு இல்லாத மாதங்களில் ஆண்டவர் என்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியமாக இருப்பதாக ஒரு நினைப்பு. அந்த நோட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் கணக்கு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பெரியப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மத்தேயு 20ஐ எடுத்தேன். திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமை. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், அதாவது ஒரு நாள் கூலி, பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் ஒரு பணம். பதினோராம் மணி என்பது சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிற கணக்கு. நம் கடிகாரத்தில் மாலை ஐந்து மணி, வேலை முடிய ஒரு மணி நேரம் பாக்கி. இத்தனை பிரசங்கம் கேட்டும் நான் கவனிக்காமல் விட்ட ஓர் இடம் இதில் இருக்கிறது. கூலி கொடுக்கும்போது எஜமான், பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறான். ஏன்? முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு சண்டையும் வந்திருக்காது. அவர்கள் பார்க்கவேண்டும் என்றே எஜமான் நிற்கவைக்கிறான். என்னையும் அந்தப் பெட்டியருகில் அப்படித்தான் நிற்கவைத்ததாகத் தோன்றியது.

"பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே." இது அப்படியே என் வாக்கியம். அதற்கு எஜமான் சொல்கிற பதிலில் ஒரு சொல் வருகிறது: நான் தயாளனாயிருக்கிறபடியால் நீ வன்கண்ணனாயிருக்கலாமா? வன்கண்ணன்! மூலத்தில் 'உன் கண் பொல்லாததா' என்றுதான் இருக்கிறதாம். அதை இப்படித் தமிழாக்கினவருக்குக் கைகொடுக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஐந்து மணி ஆட்கள் பகல் முழுதும் சும்மா நின்றவர்கள். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல் தெருவில் நிற்பது சுகமா என்ன? விடியற்காலையில் வந்தவனுக்காவது கூலி நிச்சயம் என்ற நிம்மதி இருந்தது. பெரியப்பாவின் முப்பது வருடத்தை நான் ஏதோ சம்பளத்தோடு கூடிய விடுமுறை மாதிரி பார்த்திருக்கிறேன். நான் மட்டும் வேலைக்குப் போனவனாம், அவர் உல்லாசமாக இருந்தவராம். அவர் முகத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இந்தக் 'கூலி' என்ற சொல், அப்பாவின் சொத்தில் பங்கு வாங்கி அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளைய குமாரன் கதையிலும் வருகிறது. பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். 'உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்று முடிகிற பேச்சு. வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல ஆரம்பிக்கிறான். லூக்கா 15:19ஐயும் 21ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலிக்காரன் என்கிற கடைசிப் பகுதி 21இல் இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, வஸ்திரம் கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று ஆரம்பித்துவிடுகிறார். சரி, வீட்டிலேயே இருந்த மூத்தவன் என்ன சொல்கிறான்? "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." அங்கே கிரேக்கத்தில் இருப்பது அடிமை வேலை செய்வதைக் குறிக்கிற சொல். ஆக இரண்டு பேரும் அந்த வீட்டில் வேலையாளாக இருக்கத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் விண்ணப்பம் போட வந்தான், மற்றவன் ஏற்கெனவே வேலையில் இருந்தான். என் சிவப்பு மை நோட்டு, மூத்தவனின் வருகைப் பதிவேடு.

இதுவரை எழுதியது எனக்கே கொஞ்சம் சுலபமாகத் தெரிகிறது. விரலைப் பற்றி இன்னும் பேசவில்லை.

தோட்டத்துக்குப் பிந்தி வந்தவர்கள் யாரையும் அடித்துவிட்டு வரவில்லை. பெரியப்பா அப்படியில்லை. அவர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார், கிடைத்தது, நம்புகிறேன். பெரியம்மாவுக்கு என்ன கிடைத்தது? அடக்கம் முடிந்த மறுநாளே இரண்டு பேர் வந்து, "ஆண்டவரே மன்னிச்சிட்டாரு, நீங்களும் மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதை நான் கிருபை என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். அடுத்தவர் கணக்கில் கைவைத்துக் கடனைத் தள்ளுபடி செய்கிற வேலை இது. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவுவந்தால், காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் சொன்னவரும் இயேசுதான்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள், வரி வசூலித்துப் பணக்காரனானவன். ஏய்த்து வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு அதன்பிறகுதான் சொல்கிறார். அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து இரட்சிப்பை வாங்கினானா? வரிசையைப் பார்த்தால் அப்படி இல்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றது முதலில். அவன் மரத்தில் இருக்கும்போதே, ஒரு காசுகூடத் திருப்பித் தருவதற்கு முன்பே. விருந்தாளி முதலில் வந்துவிட்டார். அவர் வந்த வீட்டில் திருட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு அவனால் உட்காரமுடியவில்லை. விசுவாசம் என்கிற பவுல் ஒருபக்கம், கிரியை வேண்டும் என்கிற யாக்கோபு மறுபக்கம் என்று நாம் அடித்துக்கொள்கிற விசுவாசமும் கிரியையும் இந்த ஒரே வீட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

(அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. 1517இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நாம் பெறுகிற பரிசுத்த ஆவியானவர் நற்கிரியைகளுக்கு நம்மைத் தகுதிப்படுத்துகிறார் என்று. இதற்கு 482 வருடம். எல்லா வேறுபாடும் அதோடு தீர்ந்துவிடவில்லை, அது வேறு. நாம் 'இரட்சிப்பு' என்கிற இடத்தில் கத்தோலிக்கர்கள் 'மீட்பு' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அடகுக்குப் போன நகை தானாக நடந்து வீட்டுக்கு வராது.)

சகேயுவுக்குத் திருப்பிக் கொடுக்க நாள் இருந்தது. இயேசுவோடு சிலுவையில் தொங்கிக் கடைசி நேரத்தில் மனந்திரும்பிய கள்ளனுக்கு இல்லை, பெரியப்பாவுக்கும் இல்லை. ஆறு வாரத்தில் அவர் பெரியம்மாவிடம் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்கள்.

"பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. என்னிடம் தேதி இல்லை. வேதமே இதை இறந்தகாலத்தில் ஓரிடத்திலும், 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ' என்று நிகழ்காலத்தில் கொரிந்தியரிலும், இன்னும் சமீபித்துக்கொண்டிருக்கிற ஒன்றாக ரோமரிலும் பேசுகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். தேதி வைத்திருந்த ஒருவரைப் பற்றி யோசிக்கிறேன். கிருபையைப் பற்றி உலகமெங்கும் பாடப்படுகிற 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன். 1748 மார்ச் மாதம், அட்லாண்டிக் புயலில் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தபோது ஆண்டவரைக் கூப்பிட்டார். அந்த நாளைக் கடைசிவரை வருடாவருடம் நினைவுகூர்ந்தார். அதன்பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1750க்கும் 1754க்கும் இடையில் அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று முறை கடல் கடந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கோடு கிடப்பார்கள். 1754இல் அவர் கடலை விட்டதற்கும் உடல்நலக் குறைவுதான் காரணம், மனச்சாட்சி இல்லை. அடிமை வணிகத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருடம்.

1753இல் அவர் செத்துப்போயிருந்தால் இரட்சிக்கப்பட்டவரா இல்லையா? இந்தக் கேள்வியை ஒரு வேதாகம வகுப்பில் கேட்டு எல்லாரையும் திணறடித்திருக்கிறேன். கேட்டுவிட்டு, ரொம்ப திருப்தியாக உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் குடும்பம் ஒவ்வொரு ஞாயிறும் சபையில் ஒரே வரிசையில் உட்காரும். பெரியம்மா எனக்குப் பக்கத்தில். பாட்டுப் புத்தகத்தை அவர் பிடிக்கும்போது அந்த விரல் அட்டைக்கு வெளியே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதே புத்தகத்தைப் பார்த்துத்தான் நானும் பாடினேன். எத்தனை வருடம்! என் நோட்டில் ஜெப நிமிடங்கள் இருந்தன, உபவாச நாட்கள் இருந்தன. 'இன்றைக்கும் பெரியம்மாவிடம் கேட்கவில்லை' என்று ஒருநாளும் சிவப்புக் கோடு போட்டதில்லை. அது தவறவிட்ட கணக்கில் சேரும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

ஐந்து மணிக்கு வந்தவனைப் பார்த்து முகம் சுளித்தேனே, நான் எத்தனை மணிக்கு வந்தவன் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நாலைந்து மாதம் கழித்துப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டேவிட்டேன். முதலில் விரலைப் பற்றி. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பெரியப்பா பரலோகத்துல இருப்பாருன்னு நம்புறீங்களா, பெரியம்மா?" என்றேன்.

"இருப்பாரு. நானும் அங்கதானேப்பா போகப்போறேன். போய்க் கேக்கவேண்டியதைக் கேட்டுக்கறேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பெரிய போர்வை ஒன்றை உதறி, "அந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தேன்.