"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்களுக்கு

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை மாறிப்போன அந்தச் செய்திக்குக் கீழே, கமெண்ட்டுகளில் மூன்று நாளாக ஒரே கேள்வி: "பெத்தவளுக்குத் தன் பிள்ளையைத் தெரியாதா?"

தெரியாதுங்க. சிசேரியன் முடிந்து மயக்கம் பாதி தெளிந்தவளிடம், துணியில் சுற்றிய ஒரு முகத்தை அரை நிமிடம் காட்டிவிட்டு எடுத்துப் போகிறார்கள். அந்த முகமும் பிறந்த வீக்கம் வடிந்து ஓரிரு நாளில் மாறிவிடும். எதை வைத்துத் தெரியும்?

அதற்குத்தான் டேக், எண் எழுதிக் கட்டும் பட்டை. பிரசவ அறையை விட்டுக் குழந்தை வெளியே போகும் முன்பே அம்மா கையிலும் குழந்தையின் கையிலும் காலிலும் ஒரே எண் இருக்க வேண்டும். குழந்தையைக் கொண்டுவந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும்.

என் மகளுக்குக் காலில் மட்டும் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் பால் கொடுக்கத் தூக்கி வந்தபோது கால் வெறுமையாக இருந்தது. முதல் சில நாளில் குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறையும். டேக் தளர்ந்து கழன்றுவிடும். இரண்டு கட்டச் சொல்வதே அதனால்தான். தேடியதில் துணி மடிப்புக்குள் கிடந்தது. "நம்பரைப் பார்த்துச் சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். "எங்களை என்னன்னு நினைச்சீங்க?" என்றார். என் வீட்டுக்காரரும் "விடேன், பாவம் அவங்க" என்றார். அன்று நான்தான் வில்லி.

"ஒரு நர்ஸ் எத்தனை குழந்தையைப் பார்ப்பார்?" என்கிறீர்கள். சரிதான். அதனால்தான் அவர் ஞாபகத்தை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள் என்கிறேன்.

"கால் ரேகை எடுக்கிறார்களே!" பெரும்பாலும் மைக்கறைதான் மிஞ்சும். ரத்தப் பிரிவு "இந்தக் குழந்தை இல்லை" என்று சில சமயம் சொல்லும். "இதுதான்" என்று சொல்லவே சொல்லாது. டிஎன்ஏ? அது குழந்தை மாறிய பிறகு கண்டுபிடிக்க. நான் பேசுவது மாறாமல் இருக்க.

குழந்தையை அம்மா பக்கத்திலேயே 24 மணி நேரமும் வைக்கச் சொல்லி 1991இலேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தொடங்கிய திட்டம் இருக்கிறது. தாய்ப்பாலுக்காகச் சொன்னதுதான். ஆனால் பக்கத்தை விட்டே போகாத குழந்தை எங்கே போய் மாறும்? "அம்மா ஓய்வெடுக்க வேண்டாமா?" என்று உடனே வராதீர்கள். ஓய்வாம். டேக் கழன்ற அன்று ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் நான்.

அப்புறம், "தாய்ப்பாசம் இருந்தால் எண் எதற்கு?" என்று எனக்கே எழுதியவருக்கு: கமெண்ட்டை நீக்கிவிட்டீர்கள் போல. ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.